இலையில் வெள்ளை படிந்தால் உடனே மருந்தா?

கடந்த ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறையில் கேமரன் மலைக்குப் போய் வந்தோம். திரும்பும்போது ஸ்ட்ராபெரி, சோளம், தேயிலைத்தூளோடு மூன்று பூச்சட்டிகளும் காரில் ஏறி நீலாய்க்கு வந்தன. மூன்றிலும் காலா லில்லி. இரண்டில் வெள்ளைப் பூ, ஒன்றில் இளஞ்சிவப்புப் பூ. பாட்டிக்குப் பிடித்ததால் அம்மா வாங்கிக் கொடுத்தார்.

எங்கள் தாமான் வீட்டின் முன்வாசலில், காலை வெயில் படும் இடமாகப் பார்த்து மூன்றையும் வைத்தோம். தினமும் தண்ணீர் ஊற்றும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். வேளாண்மை படிக்கும் பெண் வீட்டில் இருக்கும்போது வேறு யாரிடம் கொடுப்பார்கள்!

மூன்றாவது வாரம், இலைகளில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. படிவம் ஐந்தில் படிக்கும் தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "குலாட்தான் அக்கா" என்று தீர்ப்புச் சொன்னான். கைப்பேசிச் செயலியில் படம் எடுத்துப் போட்டேன். அதுவும் சாம்பல் நோய் என்றது. சாம்பல் நோய் ஒருவகைப் பூஞ்சை நோய். பக்கத்து வீட்டு அங்கிள் ஒரு படி மேலே போய், தன் வீட்டில் மிச்சமிருந்த மருந்தைக் கொண்டு வந்து கொடுத்தார். குடிதண்ணீர் போத்தலில் ஊற்றி வைத்திருந்த பழுப்பு நிறத் திரவம் அது. போத்தலில் பெயர் இல்லை, அளவு இல்லை. "ஒரு மூடி ஊத்தி அடிச்சா எல்லாம் போயிடும்" என்றார்.

நான் தெளிப்பானைத் தேடி எடுத்தபோதுதான் பாட்டி உள்ளிருந்து வந்தார். போத்தலைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார். கையுறை இல்லை.

"என்ன நோய்னு தெரியுமா?"

"குலாட்டுன்னு நினைக்கிறேன் பாட்டி."

"நினைக்கிறியா? நெனச்சுக்கிட்டே மருந்து அடிச்சுதான் எங்க கை இப்படி ஆச்சு. கீழ வை அத."

போத்தலைக் கீழே வைத்தேன். இந்தக் கட்டுரை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

பாட்டியின் விரல்கள்

நீலாய் என்றால் இன்றைய மாணவர்களுக்குக் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் கொமுட்டர் நிலையமும்தான் நினைவுக்கு வரும். பாட்டிக்கு நீலாய் என்றால் பால்மரக் காடு, பிறகு செம்பனைக் காடு. நீலாய்க்கும் லாபுவுக்கும் இடைப்பட்ட ஒரு தோட்டத்து லயத்தில்தான் அவர் பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார். முதலில் பால்மரம் சீவினார். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு வெளிக்காட்டு வேலை. முதுகில் தோம்பைச் சுமந்துகொண்டு புல்லுக்கு மருந்து அடிக்கும் வேலை அது. பல ஆண்டுகள் அதைச் செய்தார்.

அப்போது கையுறை கிடையாது. முகத்துக்குத் துண்டு கட்டிக்கொள்வார்களாம். மருந்து எதுவென்று கேட்டால் அவருக்குப் பெயர் தெரியாது. நிறமும் வாடையும்தான் தெரியும். விரல் நகங்கள் கறுத்துக் கழன்று விழுந்து மறுபடி முளைத்ததை ஏதோ பல் விழுந்து முளைத்ததுபோலச் சொல்வார்.

பாட்டி ஒருவரின் கதை மட்டும் அல்ல இது. மலேசியத் தோட்டங்களில் மருந்து அடிக்கும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்தார்கள். அவர்களின் உடல்நிலையைப் பற்றி ஐரின் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகானித்தா அமைப்பு ஆய்வு செய்து 2002ஆம் ஆண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் பராகுவாட் என்ற களைக்கொல்லியைப் படிப்படியாக நிறுத்தப் போவதாக அரசாங்கம் அறிவித்தது. 2006இல் அந்த முடிவு தளர்த்தப்பட்டது. கடைசியில் 2020 ஜனவரி 1 முதல்தான் பராகுவாட் முழுமையாகத் தடை செய்யப்பட்டது. உடலுக்குள் போய்விட்டால் அதற்கு மாற்று மருந்து கிடையாது.

அங்கிள் கொடுத்த போத்தலில் என்ன இருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்ததே அதைத் தொடாமல் இருக்கப் போதுமான காரணம் என்பதைப் பாட்டி ஒரே பார்வையில் புரிந்துகொண்டார். பல்கலைக்கழகத்தில் பயிர்ப் பாதுகாப்புப் பாடம் படிக்கும் எனக்கு அது தோன்றவில்லை.

வெள்ளையெல்லாம் ஒன்றல்ல

சரி, மருந்து வேண்டாம். அப்படியானால் என்ன செய்வது? முதலில் அந்த வெள்ளை என்னவென்று கண்டுபிடிக்க வேண்டும். மனிதர்களுக்குக் காய்ச்சல் வந்தால் டெங்கியா சளிக் காய்ச்சலா என்று இரத்தம் எடுத்துப் பார்க்கிறோம். செடிக்கும் அதே நியாயம்தான்.

இலையில் வெள்ளையாகப் படிவதற்கு வீட்டுச் செடிகளில் பொதுவாக ஐந்து காரணங்கள் உண்டு.

முதலாவது, சாம்பல் நோய். இது உயிருள்ள பூஞ்சை. இலையின் மேல் மாவு தூவியதுபோல வட்ட வட்டமாகத் தொடங்கிப் பரவும். மற்ற பூஞ்சைகளைப்போல இலை நனைந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இதற்கு இல்லை. காற்று ஈரமாகவும் இடம் நிழலாகவும் காற்றோட்டம் குறைவாகவும் இருந்தால் போதும்.

இரண்டாவது, மாவுப்பூச்சி. பெயரில் மாவு இருந்தாலும் இது பூச்சி. பஞ்சைக் கிள்ளி ஒட்டியதுபோல இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கிலும் இலையின் அடிப்பக்க நரம்போரத்திலும் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும்.

மூன்றாவது, வெள்ளை ஈ. இலையின் அடியில் இருக்கும். செடியை ஆட்டினால் வெள்ளைத் துகள்கள்போலப் பறக்கும். கொய்யா இலையைத் திருப்பிப் பார்த்தவர்களுக்குச் சுருள் சுருளாக இருக்கும் வெள்ளை மெழுகுக் கோடுகள் தெரிந்திருக்கும். அது சுருள் வெள்ளை ஈயின் வேலை.

நான்காவது, உப்புப் படிவு. இதில் உயிரே இல்லை. தண்ணீரிலும் உரத்திலும் உள்ள தாதுக்கள், நீர் ஆவியான பிறகு இலைமேல் தங்கிவிடுவதுதான்.

ஐந்தாவது, தூசும் மருந்துக் கறையும். பக்கத்தில் வீடு கட்டினால் சிமெண்டுத் தூள், தரை ஓடு வெட்டினால் ஓட்டுத்தூள். செடியை வாங்கும் முன்பே பண்ணையில் தெளித்த மருந்தின் கறையும் காய்ந்து வெள்ளையாகத் தெரியலாம்.

இந்த ஐந்தில் பூஞ்சை மருந்துக்குக் கட்டுப்படுவது ஒன்றே ஒன்று. மற்ற நான்குக்கும் அதைத் தெளித்தால் பணமும் போகும், செடிக்கும் சுமை, நமக்கும் ஆபத்து.

நான்கு சோதனைகள்

ஆய்வுக்கூடம் எதுவும் தேவையில்லை. வீட்டில் இருந்தபடியே நான்கு சோதனைகள் செய்தேன். நீங்களும் செய்யலாம்.

*இடத்தைப் பாருங்கள்.* வெள்ளை எங்கே இருக்கிறது? இலையின் மேற்பக்கம் முழுவதும் சமமாகப் படிந்து, அடிப்பக்கம் சுத்தமாக இருந்தால் அது பெரும்பாலும் தூசு. வட்டத் திட்டுகளாக இருந்தால் பூஞ்சையைச் சந்தேகிக்கலாம். இடுக்குகளில் பஞ்சாக இருந்தால் மாவுப்பூச்சி. இலையின் நுனியிலும் விளிம்பிலும் மட்டும் இருந்தால் உப்பு.

*துடைத்துவிட்டுக் காத்திருங்கள்.* ஈரத்துணியால் ஓர் இலையை மட்டும் துடையுங்கள். காம்பில் நூல் கட்டி அடையாளம் வையுங்கள். மூன்று நான்கு நாள் கழித்துப் பாருங்கள். தூசு என்றால் மறுபடி மெல்லத்தான் சேரும். பூஞ்சை என்றால் துடைத்த இடத்திலேயே மறுபடி திட்டு வளரும். உப்பு என்றால் விடியற்காலையில் நுனியில் நீர்த்துளி தெரியும்; அது காய்ந்த பிறகு வெள்ளை தெரியும்.

*பெரிதாக்கிப் பாருங்கள்.* பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் கைப்பேசிக் கேமராவே போதும். பூஞ்சை நூல்நூலாகவும் மாவாகவும் தெரியும். பூச்சிக்குக் கால் இருக்கும், குத்தினால் ஈரம் கசியும். உப்பு படிகமாக மின்னும். சிமெண்டுத் தூளா, சுண்ணாம்புப் படிவா என்ற சந்தேகம் வந்தால், உதிர்ந்த இலை ஒன்றின் மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். சுண்ணாம்புச் சத்து இருந்தால் சிறு குமிழிகள் கிளம்பும். இது படிவம் நான்கு வேதியியல்.

*கூட்டாளிகளைத் தேடுங்கள்.* எறும்பு வரிசையாக ஏறுகிறதா? இலை பிசுபிசுக்கிறதா? கறுப்புப் புகைபோல ஏதாவது படிந்திருக்கிறதா? மூன்றும் சாறு உறிஞ்சும் பூச்சிக்கு அடையாளம். பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காகவே எறும்பு வருகிறது. அந்த இனிப்பின் மேல்தான் கரும்பூஞ்சை வளர்கிறது.

நான்கு நாள் ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். விடை நான் எதிர்பார்த்தபடி வரவில்லை. மூன்று சட்டிகளுக்கும் ஒரே நோய் என்று நினைத்திருந்தேன். ஒரு வெள்ளைப் பூச்சட்டியில் இடுக்குகளில் பஞ்சு, சட்டி விளிம்பில் எறும்பு. அது மாவுப்பூச்சி. மற்ற இரண்டிலும் இலை நுனியில் படிகம். அது உப்பு. செயலியும் தம்பியும் நானும் சொன்ன சாம்பல் நோய் எதிலும் இல்லை.

இலை ஏன் அழுகிறது?

உப்பு எங்கிருந்து வந்தது? இதற்குத் தம்பியின் உயிரியல் பாடநூலிலேயே விடை இருந்தது. அவன் தேர்வுக்கு மனப்பாடம் செய்த "குட்டேஷன்" என்ற நீர்க்கசிவுதான் அது.

பகலில் இலைத்துளைகள் திறந்திருக்கும், நீர் ஆவியாக வெளியேறும். இரவில் துளைகள் மூடிக்கொள்ளும். ஆனால் சட்டி மண் நனைந்தே இருந்தால் வேர் நீரை உறிஞ்சி மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். காற்றும் ஈரமாக இருப்பதால் நீர் ஆவியாக வழியில்லை. அப்போது இலை நுனியிலும் விளிம்பிலும் உள்ள சிறப்புத் துளைகள் வழியாக அது துளித்துளியாக வெளியே வரும். காலையில் நாம் பனி என்று நினைப்பதில் ஒரு பகுதி இதுதான். அந்தத் துளி வெறும் தண்ணீர் அல்ல; மண்ணிலும் உரத்திலும் இருந்த தாதுக்கள் அதில் கரைந்திருக்கும். வெயில் ஏறியதும் நீர் போகும், தாது தங்கும்.

காலா லில்லி இப்படிக் கசிவதில் பேர்போனது. பெயரில் லில்லி இருந்தாலும் அது லில்லிக் குடும்பம் அல்ல. தென்னாப்பிரிக்கப் பகுதியைச் சேர்ந்த அந்தச் செடி நம் வீட்டுச் சேம்புக்கும் சேனைக்கிழங்குக்கும் ஆந்தூரியத்துக்கும் உறவு. சேம்பு இலை நுனியில் விடியலில் சொட்டும் நீரைப் பார்த்தவர்கள் எளிதாகப் புரிந்துகொள்வார்கள். நாம் பூவின் இதழ் என்று நினைப்பதும் இதழ் அல்ல. நடுவில் மஞ்சள் கதிராக நிற்பவையே உண்மையான பூக்கள், வெள்ளையாகச் சுற்றியிருப்பது பாளை. சேம்பைப்போலவே இதன் சாறு பட்டாலும் தோல் அரிக்கும், வாயில் வைத்தால் எரியும். அதனால் வெட்டும்போது கையுறை போடுங்கள். குழந்தைகளுக்கும் பூனைக்கும் எட்டாமல் வையுங்கள்.

என் குறிப்பேட்டைப் புரட்டியபோது குற்றவாளி யாரென்று தெரிந்தது. சட்டிக்கு அடியில் தட்டு வைத்து, அதில் எப்போதும் தண்ணீர் நிற்கும்படி ஊற்றியிருந்தேன். பூ நிறைய வரட்டும் என்று உறையில் சொன்னதைப்போல இரண்டு மடங்கு உரமும் போட்டிருந்தேன். அதிகத் தண்ணீர், அதிக உப்பு, ஈரமான நீலாய் இரவு. மூன்றும் சேர்ந்தால் இலை நுனி வெளுக்கத்தானே செய்யும்!

கைவிட்டுப் போன ஒன்று

உப்புதானே, ஆபத்தில்லை என்று நிம்மதியடைந்தேன். அங்கேதான் இரண்டாவது தவறைச் செய்தேன். இலையைத் துடைத்தேன், பளபளப்பானது. தட்டில் நின்ற தண்ணீரை மட்டும் கொட்டவில்லை.

ஒரு வாரத்தில் இளஞ்சிவப்புச் செடியின் இலைகள் அடியிலிருந்து தொய்ந்து சாய்ந்தன. தண்டைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. மண்ணைக் கிளறினேன். கிழங்கு கூழாகி, அழுகிய மீன்போல நாறியது. அது பாக்டீரியா உண்டாக்கும் மென்னழுகல். காலாவுக்கு உண்மையான பெரிய எதிரி அதுதான். வெள்ளைப் பூ வகை குளக்கரைச் சேற்றில்கூட வளரக்கூடியது. வண்ணப்பூ வகைகள் அப்படியில்லை. மண் சொதசொதவென்று இருந்து, கேமரன் குளிருக்குப் பதில் நீலாய் வெக்கையும் சேர்ந்தால் கிழங்கு தாங்காது. அந்த நிலைக்குப் போன கிழங்கைக் காப்பாற்ற மருந்து இல்லை. மண்ணோடு சேர்த்துக் கட்டி எறிய வேண்டியதுதான்.

யோசித்துப் பாருங்கள். இலை நுனியில் படிந்த வெள்ளை நோயே அல்ல. ஆனால் அது ஒரு தகவல். "கீழே தண்ணீர் அதிகமாக நிற்கிறது" என்று செடி மூன்று வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நான் அந்தத் தகவலைத் துணியால் துடைத்துவிட்டேன். நோயின் பெயரைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். அது ஏன் வந்தது என்று கேட்பது மீதிப் பாதி.

பாட்டி ஒன்றும் சொல்லவில்லை. காலிச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அதற்கு அவர் திட்டியிருந்தாலே பரவாயில்லை.

எதற்கு என்ன வைத்தியம்?

*உப்புப் படிவு என்றால்:* தட்டை எடுத்துவிடுங்கள். சட்டியின் துளை வழியாக நன்றாக வடியும்படி ஒருமுறை நிறையத் தண்ணீர் ஊற்றி, மண்ணில் தேங்கிய உப்பைக் கழுவிவிடுங்கள். பிறகு மேல்மண் காய்ந்ததை விரலால் தொட்டுப் பார்த்த பின்பே தண்ணீர். உரத்தை உறையில் சொன்ன அளவில் பாதியாகக் குறையுங்கள்.

*தூசு, மருந்துக் கறை என்றால்:* ஈரத்துணி போதும். இலையைக் கீழே கையால் தாங்கிக்கொண்டு துடையுங்கள்.

*மாவுப்பூச்சி என்றால்:* அந்தச் சட்டியை மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். மருந்தகத்தில் கிடைக்கும் 70 விழுக்காட்டு ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியை நனைத்து, பூச்சிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி மென்மையான திரவச் சோப்பைக் கலந்து இடுக்குகளிலும் இலையடியிலும் தெளியுங்கள். முதலில் ஓர் இலையில் மட்டும் தெளித்து ஒரு நாள் பாருங்கள். இலை கருகாவிட்டால் மட்டும் மற்றவற்றுக்குச் செல்லுங்கள். முட்டைகள் மெழுகுப் பஞ்சுக்குள் பாதுகாப்பாக இருப்பதால் ஒரே முறையில் தீராது. வாரம் ஒருமுறை, நான்கு வாரம் தொடர வேண்டும். எறும்பையும் தடுக்க வேண்டும். தன் எதிரிகளிடமிருந்து மாவுப்பூச்சியைக் காப்பாற்றும் காவல்காரன் எறும்புதான்.

*வெள்ளை ஈ என்றால்:* இலையின் அடிப்பக்கத்தை நீரால் பீய்ச்சிக் கழுவி, அதே சோப்புக் கரைசலைத் தெளிக்கலாம். மஞ்சள் ஒட்டு அட்டையும் உதவும்.

*உண்மையிலேயே சாம்பல் நோய் என்றால்:* அதிகம் பாதித்த இலைகளை வெட்டிக் கட்டி எறியுங்கள். சட்டிகளுக்கு இடையே இடைவெளி விடுங்கள். ஆரம்ப நிலையில் ஒரு பங்கு பாலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து வாரம் இருமுறை தெளித்துப் பார்க்கலாம். இது வெறும் பாட்டி வைத்தியம் அல்ல. பிரேசில் ஆய்வாளர் வாக்னர் பெட்டியோல் சுக்கினிச் செடிகளில் செய்த சோதனைகளை 1999இல் வெளியிட்டார். 10 விழுக்காடும் அதற்கு மேலும் பால் கலந்த கரைசல் வழக்கமான மருந்துகளுக்குச் சமமாக வேலை செய்தது. நோய் மிஞ்சினால் நனையும் கந்தகத்தூளை உறையில் உள்ள அளவில் பயன்படுத்தலாம். ஆனால் வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நேரத்தில் கந்தகம் இலையைக் கருக்கிவிடும். நம் ஊர் உச்சிவெயில் அப்படித்தான். எனவே அதிகாலையில் மட்டும். வேப்பெண்ணெய் போன்ற எண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள் கந்தகம் கூடாது.

எந்த மருந்தாக இருந்தாலும் ஒரு விதி. பெயர்ச்சீட்டு இல்லாத போத்தலைத் தொடாதீர்கள். நம் நாட்டில் 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு செய்த மருந்துகளில் நச்சுத்தன்மையைக் காட்டும் வண்ணப்பட்டை இருக்கும். கறுப்பும் சிவப்பும் மிகக் கொடியவை. அடுத்து மஞ்சள், நீலம், கடைசியாக வெள்ளை. போத்தலை மாற்றி ஊற்றினால் அந்த எச்சரிக்கை முழுவதும் அழிந்துபோகிறது. குடிதண்ணீர்ப் போத்தலில் மருந்தை வைத்திருக்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன. தயவுசெய்து உங்கள் வீட்டு ஸ்டோர் அறையை ஒருமுறை பாருங்கள்.

பால்மரமும் கோயம்புத்தூர்ப் பப்பாளியும்

இந்த ஆராய்ச்சியெல்லாம் நடந்த ஒரு மாலையில் பாட்டி கேட்டார், "பால்மரத்துக்கும் வெள்ள பூக்கும், தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் பால்மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, செம்பு நிறத் துளிரில் வெள்ளை பூத்து அப்படியே கொட்டிவிடுமாம். இலை இல்லாவிட்டால் பால் இல்லை, பால் இல்லாவிட்டால் வருமானம் இல்லை. "விடியக்காலையில காத்து அடங்கியிருக்கும்போது மஞ்சத் தூள ஊதுவாங்க. காடே மஞ்சப் புகையா நிக்கும்" என்றார்.

நூலகத்தில் தேடினேன். பாட்டி சொன்னது ஓய்டியம் என்ற சாம்பல் நோய். பால்மரத்தில் இது முதலில் ஜாவாவில் 1918இல் காணப்பட்டது. 1925இல் மலாயாவிலும் இலங்கையிலும் பதிவானது. மஞ்சள் தூள், கந்தகம். விடியலில் ஊதுவதற்கும் காரணம் உண்டு: அப்போதுதான் காற்று அசையாது, பனி ஈரத்தில் தூள் இலையில் ஒட்டும். கந்தகத்தின் கதை அதைவிடப் பழையது. 1845இல் இங்கிலாந்தின் மார்கேட் ஊரில் எட்வர்ட் டக்கர் என்ற தோட்டக்காரர் திராட்சைக்கொடியில் இந்த வெள்ளையைக் கண்டார். கந்தகத்தால் அதைக் கட்டுப்படுத்தலாம் என்பதையும் கண்டார். அங்கே நோய் உண்மையிலேயே பூஞ்சை. அதனால் மருந்து பலித்தது.

இன்னொரு கதை தமிழ்நாட்டில் நடந்தது. 2008இல் கோயம்புத்தூர்ப் பகுதியில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரிச் செடிகளெல்லாம் வெள்ளைப் பஞ்சால் மூடிக்கொண்டன. விவசாயிகள் மருந்துக்குமேல் மருந்து அடித்தும் அடங்கவில்லை. அது மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பகுதியிலிருந்து வந்த பப்பாளி மாவுப்பூச்சி என்று அடையாளம் கண்ட பிறகுதான் வழி பிறந்தது. அந்தப் பூச்சியின் உடலுக்குள் முட்டையிட்டு அதை அழிக்கும் சிறு குளவிகளை 2010இல் புவெர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து வயல்களில் விட்டார்கள். தொல்லை பெருமளவு அடங்கியது. மருந்தை நிறுத்தினால்தான் குளவி பிழைக்கும். அதாவது, சரியான பெயரைக் கண்டுபிடித்ததும் மருந்தே தேவையில்லாமல் போனது.

பால்மரத்தில் வெள்ளை, பப்பாளியில் வெள்ளை, எங்கள் முன்வாசலில் வெள்ளை. பார்வைக்கு ஒன்றுதான். ஒன்றுக்குக் கந்தகம், ஒன்றுக்குக் குளவி, ஒன்றுக்குத் தண்ணீர்த் தட்டை எடுத்தாலே போதும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பள்ளி அறிவியல் விழாவுக்குத் தலைப்புத் தேடும் மாணவர்களே, இதைவிட மலிவான ஆய்வு கிடைக்காது. ஒரே வகைச் செடி ஆறு சட்டியில் வையுங்கள். மூன்றில் தட்டுத் தண்ணீர் நிற்கட்டும், மூன்றில் வேண்டாம். தினமும் விடியலில் இலைத்துளிகளை எண்ணுங்கள். இரண்டு வாரத்தில் உங்கள் பாடநூலில் ஒரு வரியாக இருந்தது உங்கள் கண்முன் நடக்கும். சேம்பு போதும், கேமரன் மலைக்குப் போக வேண்டியதில்லை. சந்தேகம் இருந்தால் உங்கள் மாவட்ட விவசாய இலாகாவில் இலையைக் காட்டிக் கேளுங்கள்.

நான் கற்றுக்கொண்ட இன்னொன்றும் உண்டு. செயலி ஒரு படத்தைப் பார்த்து ஒரு பெயர் சொன்னது. அது சட்டியைத் தூக்கிப் பார்க்கவில்லை, தட்டில் நிற்கும் தண்ணீரைப் பார்க்கவில்லை, எறும்பைப் பார்க்கவில்லை. அதையெல்லாம் பார்க்க வேண்டியவள் நான்தான். "என்ன நோய்னு தெரியுமா?" என்ற பாட்டியின் கேள்விக்கு நேர்மையான பதில், "தெரியாது, பார்த்துச் சொல்றேன்" என்பதுதான். அதைச் சொல்ல எனக்கு ஒரு செடி செலவானது. பாட்டியின் தலைமுறையில் அந்தக் கேள்வியைக் கேட்க யாரும் அவர்களை விடவில்லை. அவர்களுக்கு அது கைவிரல்களைச் செலவழித்தது.

மாவுப்பூச்சி பிடித்த சட்டி நான்கு வாரத்தில் தேறிவிட்டது. போன வாரம் அதில் புதிதாக ஒரு பாளை சுருள் விரிந்தது. இன்னொரு வெள்ளைச் செடியின் இலை நுனிகளும் இப்போது பச்சையாகவே இருக்கின்றன. பக்கத்து வீட்டு அங்கிளிடம் போத்தலைத் திருப்பிக் கொடுக்கும்போது, அதில் என்ன மருந்து என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து அதை எங்கே ஒப்படைப்பது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.

காலிச் சட்டியில் பாட்டி இப்போது சேம்பு நட்டிருக்கிறார். "இது எதையும் தாங்கும்" என்றார். தட்டு வைக்கவில்லை.